ரசீது கேட்ட டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள், போடவில்லை. ஆனால் பதிலை உறையில் போட்டு அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். நீங்கள் கேட்ட இரண்டையும் இந்தப் பினாங்குத் தீவில் பலர் கேட்க நினைத்து, வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு போகிறார்கள்.

முதலாவது, ஜெலுத்தோங்கில் நீங்கள் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேசைக்கு வந்த பையனைப் பற்றியது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு, அதில் குழந்தைகளின் படம், கீழே ஒரு முத்திரை, கழுத்தில் தொங்கும் அட்டை. 20 வெள்ளி கொடுத்தீர்கள். ரசீது கேட்டதும் ஒரு பேனாவை நீட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். "இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா?" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது, உங்கள் தாமான் குடியிருப்பின் கோயில். கும்பாபிஷேகத்துக்கு என்று வீடு வீடாக வசூல் நடந்தது, விழாவும் முடிந்தது, கணக்கு மட்டும் வரவில்லை. கேட்டால், "சாமி காரியத்துல சந்தேகப்படலாமா டீச்சர்?" என்கிறார் செயலாளர்.

இரண்டாவதுதான் கனமான கேள்வி. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அரசாங்கம் பார்க்கும் டீச்சர். பார்ப்பதற்கு அதிகாரமும் தாராளமாக இருக்கிறது. அந்த அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் தொல்லை. போலீஸ் ஒரு பகுதியைப் பார்க்கிறது, சங்கப் பதிவிலாகா ஒரு பகுதியை, வருமான வரி வாரியம் இன்னொன்றை, சமூக நலத்துறை வேறொன்றை. அறக்கொடைகளுக்கென்று தனி ஆணையம் மலேசியாவில் கிடையாது. இருக்கிற அலுவலகங்களிலும் பெரும்பாலானவை, "கேட்பதற்கு அனுமதி வாங்கினாயா?" என்பதோடு நின்றுவிடுகின்றன. "வாங்கியது எங்கே போனது?" என்று கேட்பவர் அரிது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான ஆதாரம்.

அந்தப் பையனுக்குப் பொருந்தும் சட்டம் 1947ஆம் ஆண்டுடையது. வீடு வீடாகவும் தெருவிலும் பணம் வசூலிப்பது பற்றிய சட்டம். போர் முடிந்து, ஜப்பான்காரன் போய், மலாயன் யூனியன் என்ற பெயரில் வெள்ளைக்காரன் மறுபடி உட்கார்ந்த காலத்தில் எழுதியது. சிங்கப்பூரிலும் இதே பெயரில் சட்டம் இருக்கிறது. பொதுமக்களிடம் நன்கொடை கேட்டு வாசலுக்கோ தெருவுக்கோ வருபவர் போலீசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே உங்கள் மேசைக்கு வருகிறவரிடம் போலீஸ் உரிமத்தைக் காட்டச் சொல்வது அவமரியாதை ஆகாது. கோப்பில் இருக்கும் பதிவுச் சான்றிதழின் நகல் உரிமம் ஆகாது. அது ஒரு சங்கம் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். சங்கம் உண்மையாகவே இருக்கலாம், கோப்பைத் தூக்கி வந்தவருக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

பையன் என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனை வயதிருக்கும்? பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு முப்பது வருஷம் இருந்தவர் நீங்கள், பார்த்தாலே தெரிந்திருக்கும். பதினெட்டுக்குக் கீழே என்றால் விஷயம் வேறு. 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 32ஆம் பிரிவு: ஒரு பிள்ளையைத் தெருவிலோ கடையிலோ பிச்சை கேட்கவோ அனுமதியில்லாத வியாபாரத்துக்கோ அனுப்புவது குற்றம். அனுப்பிய பெரியவர்தான் குற்றவாளி, பிள்ளை இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையைத் திட்டி விரட்டாமல் சமூக நலத்துறைக்குச் சொல்வது நல்லது.

2024 செப்டம்பர் 11ஆம் தேதி சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் போலீஸ் ஒரே நேரத்தில் 20 இல்லங்களில் நுழைந்து 402 பிள்ளைகளை மீட்டது நினைவிருக்கும். ஒரு வயதுக் குழந்தையிலிருந்து பதினேழு வயதுவரை. ஜி.ஐ.எஸ்.பி. என்ற பெரிய வணிகக் குழுமத்தோடு தொடர்புடைய இல்லங்கள் அவை என்றது போலீஸ். பிள்ளைகளைக் காட்டி, மதத்தின் பெயரைச் சொல்லி நன்கொடை திரட்டினார்கள் என்பது அன்றைக்குப் போலீஸ் படைத்தலைவர் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த இல்லங்களுக்குக் கொடுத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ. படத்தில் பிள்ளை சிரித்தால் நம் கை தானாகப் பணப்பைக்குப் போகிறது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது: வீடு, தெரு. இப்போது வீட்டுக்கும் வருவதில்லை, தெருவிலும் நிற்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரு குழந்தையின் படம், மருத்துவமனைப் படுக்கை, கீழே கியூஆர் கட்டம். கோலாலம்பூரிலிருந்தோ எங்கிருந்தோ யாரோ அனுப்பியதைப் பாயான் லெப்பாஸில் இருக்கும் உங்கள் தங்கை உங்களுக்கு அனுப்புகிறார். உங்களுக்கு வந்து சேரும்போது அது தங்கையின் வார்த்தையாகவே ஆகிவிடுகிறது. அங்கே யாரிடம் உரிமம் கேட்பது? அத்தகைய வசூலில் பொய் இருந்தால் குற்றவியல் சட்டத்தின் 420ஆம் பிரிவு இருக்கிறது, ஏமாற்றுக் குற்றம், பத்து ஆண்டுவரை சிறை. ஆனால் அது பணம் போன பிறகு வரும் சட்டம்.

பணம் அனுப்பும்முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சங்கத்தின் பெயரைச் சொல்லித் தனிமனிதர் பெயரில் கணக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் வந்த கணக்கென்றால் காட்டும். காட்டாவிட்டால் நல்ல கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம், இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றும் இருக்கலாம். ஏமாந்தது உடனே தெரிந்தால் 997. தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. மறுநாள் காலைவரை யோசித்துக்கொண்டிருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

இனி உங்கள் மருமகன் கேட்டதாக எழுதியிருந்த விஷயம். அமெரிக்காவில் இதையெல்லாம் மாநில அரசே பார்க்கிறதாமே, பினாங்கு அரசு ஏன் பார்க்கவில்லை என்கிறார். அவர் சொல்வது சரி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்கும்முன் அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி கணக்குகளைக் கேட்டு வாங்கலாம், சாட்சிகளை அழைக்கலாம், வழக்குப் போடலாம். 2015 மே மாதம் ஐம்பது மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் மத்திய வர்த்தக ஆணையமும் ஒன்றாகச் சேர்ந்து, புற்றுநோயாளிகளுக்கு என்று பணம் திரட்டிய நான்கு அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தன. மக்கள் கொடுத்தது 18 கோடியே 70 லட்சம் டாலர். அதில் நோயாளிகளுக்குப் போனது சொற்பம். நடத்தியவர்களின் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும், திரட்டிக் கொடுத்த நிறுவனங்களுக்கும், சொகுசுக் கப்பல் பயணத்துக்கும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் போனது பெரும்பகுதி என்றது வழக்கு.

அதற்கு முன்பே, 2003இல், இலினாய் மாநிலம் தொடுத்த வழக்கொன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. முன்னாள் படைவீரர்களுக்கு என்று தொலைபேசியில் பணம் கேட்ட நிறுவனம் நூற்றுக்கு 85 டாலரைத் தானே எடுத்துக்கொண்டது. ஒப்பந்தமே அப்படித்தான். நீதிமன்றம் சொன்னது கவனிக்கத்தக்கது: அதிகமாக எடுத்துக்கொள்வதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது, ஆனால் கொடுப்பவரிடம், பெரும்பகுதி படைவீரர்களுக்கே போகிறது என்று பொய் சொல்லி வாங்கினால் மாநிலம் வழக்குத் தொடுக்கலாம். அங்கே செலவு விகிதத்தைச் சட்டத்தால் கட்டிப்போட முடியாது, பொய்யைப் பிடிக்கலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பினாங்கு மாநில அரசுக்கு அந்த வசதி இல்லை. போலீஸ் மத்திய அரசுடையது. சங்கப் பதிவிலாகா உள்துறை அமைச்சின் கீழ். வருமான வரியும் மத்தியம், ஊழல் தடுப்பு ஆணையமும் மத்தியம். மாநில அரசு இருக்கும் கொம்தாரில் போய் முறையிட்டால் நல்ல மரியாதையோடு, மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவின் விலாசத்தைக் கொடுப்பார்கள். இஸ்லாமிய அறக்கொடை மட்டும் வேறு. ஸக்காத்தும் வக்ஃபும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை. பினாங்கு இஸ்லாமிய சமய மன்றம் அவற்றை நிர்வகிக்கிறது, அதற்கு 2004ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது. நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு எந்த வாசலில் கேட்க வேண்டும் என்று தெரியும். மற்றவர்களுக்குத்தான் வாசல்கள் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. அறக்கொடைக் கணக்கைக் கேட்கும் அதிகாரத்தை இந்த வட்டாரத்தில் முதலில் பார்த்த ஊர்களில் ஒன்று நம்முடையது, அதுவும் தமிழர்களின் சொத்து விவகாரத்தில்.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. முன்னின்று வாங்கிக் கட்டியவர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர் காதர் முகைதீன். கப்பித்தான் என்று கம்பெனி பட்டம் கொடுத்தது அவருக்குத்தான். ஜார்ஜ் டவுன் வளர வளர அந்த நிலத்தின் விலை ஏறியது, வாடகை ஏறியது. நிலத்தில் வீடுகள் எழும்பின, குடும்பங்கள் உரிமை கொண்டாடின, வருமானம் எங்கே போகிறது என்று ஜமாஅத்தார் கேட்க ஆரம்பித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இப்படிப் பல சொத்துகளில் புகார்கள் சேர்ந்துவிட்டன. நீரிணைக் குடியேற்ற அரசு 1905இல் முகமதிய, இந்து அறக்கொடைகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் ஒரே வாரியத்தின் கீழ்! நிர்வாகம் சீர்கெட்டுப் போன அறக்கொடையை, அல்லது முறையான அறங்காவலர் இல்லாத அறக்கொடையை, வாரியம் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் பல். வந்த வாரியம் சும்மாவும் இருக்கவில்லை. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்தக் குவிமாடங்கள், 1910இல் வாரியம் நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞரை வைத்துத் தொடங்கிய விரிவாக்கத்தில் வந்தவை.

சென்னை மாகாணத்தில் இதே கம்பெனி 1817இலேயே கோயில், சத்திரச் சொத்துகளைக் கண்காணிக்க ஒழுங்குமுறை போட்டது. பிறகு, கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குத் துணை போகலாமா என்று இங்கிலாந்தில் சத்தம் எழுந்ததும் மெல்லக் கையைக் கழுவிக்கொண்டது. 1863இல் சட்டம் போட்டே ஒதுங்கியது. அங்கே விட்டதை இங்கே நாற்பது வருஷம் கழித்து எடுத்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் 1601இல் இங்கிலாந்தில் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம். தர்மம் என்றால் என்ன என்று சொன்ன சட்டமாகவே அதை வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மையில் அது தர்மச் சொத்தைத் தவறாகச் செலவழித்தவர்களை விசாரிக்க ஊர் ஊராக ஆணையாளர்களை அனுப்புவதற்கு எழுதப்பட்டது. தர்மத்துக்கு வந்த அந்தப் பழைய சட்டமே கணக்கு கேட்கும் சட்டம்தான். நானூறு வருஷம் கழித்து உங்கள் கோயில் செயலாளர் அதைச் சந்தேகம் என்கிறார்.

1905ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த வாரியத்தின் இந்துப் பாதி இன்று பினாங்கு இந்து அறப்பணி வாரியம். மாநில அரசு நியமிக்கும் ஆணையாளர்கள் நடத்துகிறார்கள். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில், 2017 முதல் தைப்பூசத்தில் ஓடும் தங்க ரதம் எல்லாம் அதன் பொறுப்பு. இதைச் சொல்லிவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள்: 2025 ஜனவரியில் வாரியத்தின் முன்னாள் தலைவர் மீது ஊழல் தடுப்பு ஆணையம் நம்பிக்கை மோசடி என்று 17 குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்தில் வைத்தது. சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட் சம்பந்தப்பட்டது. அவர் அனைத்தையும் மறுத்தார். குற்றம் சாட்டுவது வேறு, நிரூபிப்பது வேறு. அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. நான் பார்ப்பது வேறொன்றை. மாநில அரசு நியமித்த வாரியத்தின் கணக்கையே விசாரிக்க மத்திய ஆணையம்தான் வர வேண்டியிருந்தது.

அனுமதியும் பதிவும் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பக்கத்து ஊர்க் கதை. சிங்கப்பூரின் தேசியச் சிறுநீரக அறநிறுவனம். அதை வளர்த்தவர் டி.டி. துரை, வழக்கறிஞர், நம்மவர். திறமைசாலி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏழை நோயாளிகளுக்கு டயாலிசிஸ் கிடைக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியே பணத்தைக் குவித்தார். அலுவலகக் கழிப்பறையில் தங்க முலாம் பூசிய குழாய் வைத்ததாக 2004இல் ஸ்திரெய்ட்ஸ் டைம்ஸ் எழுதியது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2005 ஜூலையில் சாட்சிக் கூண்டில் அவரையே குறுக்கு விசாரணை செய்தபோது எல்லாம் வெளியே கொட்டியது: ஆண்டுச் சம்பளம் 6 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி, முதல் வகுப்பு விமானப் பயணம், கையிருப்பு 26 கோடிக்கு மேல். கையிருப்பு மூன்று வருஷத்துக்குத்தான் வரும் என்று மக்களிடம் சொல்லிப் பணம் கேட்டிருந்தார்கள்; அது முப்பது வருஷத்துக்கு வரும். ஓர் அரசியல் தலைவரின் மனைவி, அத்தனை பெரிய நிறுவனத்தை நடத்துபவருக்கு 6 லட்சம் வெறும் நிலக்கடலை என்று சொல்லி ஊரையே கொதிக்க வைத்தார். வழக்கைத் துரை கைவிட்டார், நிர்வாகக் குழு மொத்தமும் விலகியது. 2007இல் பொய் விலைச்சீட்டு விவகாரத்தில் அவருக்கு மூன்று மாதச் சிறை.

அந்த நிறுவனத்திடம் இல்லாத அனுமதி இல்லை டீச்சர். சட்டப்படி பதிவு, வரிவிலக்கு, புரவலர்கள், விருதுகள். கேட்கும் உரிமை முழுதாக இருந்தது. பணம் போன இடத்தைக் கேட்டது ஒரு பத்திரிகையும், தற்காப்புக்கு நின்ற அதன் வக்கீலும். அதன்பிறகுதான் சிங்கப்பூர் அறக்கொடை ஆணையரின் அதிகாரங்களை வலுப்படுத்தியது. அங்கே பணம் திரட்டும் செலவு, திரட்டியதில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

நமக்கும் அப்படி ஓர் ஆணையம் வேண்டும் என்று எழுதி முடித்துவிடலாம். எனக்குப் பாதி மனசுதான். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று நாம் பார்த்திருக்கிறோம். 2008 அக்டோபரில், இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃபைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தது அதே சட்டத்தின் கீழ்தான். 2013இல்தான் தடை நீங்கியது. கணக்கைக் கேட்கும் கைக்கே கழுத்தைப் பிடிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால், பிடிக்காதவர்களின் கணக்கு மட்டும் கேட்கப்படும். இந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லை. கலிஃபோர்னியா மாநிலம், பெரிய நன்கொடையாளர்களின் பெயர்ப் பட்டியலை எல்லா அறநிறுவனங்களும் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்றது. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. யார் கொடுத்தார்கள் என்பதைத் தோண்டாமல், கொடுத்தது எங்கே போனது என்பதை மட்டும் கேட்கும் அலுவலகம் வேண்டும் எனக்கு. அரசியல் கை எட்டாத இடத்தில்.

அதுவரை மாநில அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்குப் பினாங்கு அரசு ரிபி நிதியிலிருந்து பணம் கொடுக்கிறது. கொடுப்பவர் நிபந்தனை போடலாம். நிதி வாங்கும் கோயில், சீனத் தோக்கோங், தேவாலயம் எதுவானாலும் அந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்கை அறிவிப்புப் பலகையில் மூன்று மாதம் ஒட்டியிருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை, புத்ராஜெயாவையும் கேட்க வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் யாராவது இதை எழுப்பினால் நான் கைதட்டுவேன்.

இப்போது உங்கள் கோயில்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது அறப்பணி வாரியத்தின் கீழ் இல்லை. தாமான் கோயில்களில் பெரும்பாலானவை போலச் சங்கமாகப் பதிவானது. அப்படியென்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தாக வேண்டும். நடந்த 60 நாளுக்குள் கணக்கு அறிக்கையும் நிர்வாகிகள் பட்டியலும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் பதிவதிகாரி விளக்கம் கேட்கலாம், கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லலாம், பதிவையே ரத்து செய்யலாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் நீங்கள் விரும்ப மாட்டீர்கள். தலைவலிக்குத் தலையை வாங்கும் வைத்தியம் அது. பதிவு போனால் வங்கிக் கணக்கும் சொத்தும் யாருக்கு என்ற சண்டை தொடங்கும். அந்தச் சண்டையில் இரண்டு கோஷ்டிகள் பத்து வருஷம் வக்கீலுக்குக் கொடுப்பதும் மக்கள் போட்ட உண்டியல் பணமாகத்தான் இருக்கும்.

உங்கள் செயலாளருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 'பொது அமைப்பு' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், சங்கச் சட்டத்தின்படி பதிவான சங்கங்களும் அடங்கும். அதாவது தாமான் கோயில் பொருளாளரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு பொது அமைப்பின் அதிகாரி. தனக்கோ மைத்துனருக்கோ ஆதாயம் வரும்படி ராஜகோபுர வேலையைக் கொடுத்திருந்தால், "எங்கள் கோயில், எங்கள் இஷ்டம்" என்பது செல்லாது. இதைச் சொல்லி மிரட்டச் சொல்லவில்லை. கணக்கு வராததற்குத் திருட்டுதான் காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. நான் பார்த்தவரை பாதிக் கோயில்களில் காரணம் சோம்பல்: ரசீதுக் கட்டைகள் ஒருவர் வீட்டுப் பரணில், சிற்பிக்குக் கொடுத்த முன்பணம் துண்டுச்சீட்டில், பந்தல்காரருக்குக் கொடுத்தது யார் நினைவிலும் இல்லை. கூட்டிப் பார்த்தால் இடிக்கும் என்ற பயத்தில் கூட்டாமலே விட்டுவிடுகிறார்கள். வருஷம் போகப் போக அந்தப் பயம், கேட்பவர் மேல் கோபமாக மாறிவிடுகிறது.

வரிவிலக்கு விஷயமும் பாருங்கள். உங்களிடம் நன்கொடை கேட்டபோது "டாக்ஸ் கழிக்கலாம் டீச்சர்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்படி அங்கீகாரம் வாங்கிய அமைப்புக்குத்தான் அது பொருந்தும். கழிவும் மொத்த வருமானத்தில் நூற்றுக்குப் பத்துவரைதான். அங்கீகாரம் உள்ள அமைப்பின் ரசீதில் அந்த விவரம் அச்சாகியிருக்கும். உங்கள் கையில் உள்ள ரசீதில் இல்லை என்றால் அங்கீகாரம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லி வாங்கியிருந்தால், முன்பு சொன்ன இலினாய் வழக்கைப் போல, பிரச்சினை கேட்டதில் இல்லை, கேட்கும்போது சொன்ன பொய்யில் இருக்கிறது. அங்கீகாரம் இருந்தால் உங்களுக்கு நல்லது: அது தொடர வேண்டுமானால் வந்த நன்கொடையில் குறைந்தது பாதியை நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வருமான வரி வாரியத்துக்குப் போயிருக்க வேண்டும். எங்கேயோ ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கும்.

நீதிமன்றம்வரை போவதென்றால் அதற்கும் வழி உண்டு. 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடைமுறைச் சட்டம், 9ஆம் பிரிவு. பொது, சமய, அறக் காரியங்களுக்கான நம்பிக்கைச் சொத்து மீறப்பட்டால் சட்டத்துறைத் தலைவர் வழக்குப் போடலாம். அவர் போடாவிட்டால், அக்கறையுள்ள இரண்டு பேர் அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தோடு போடலாம். இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 92ஆம் பிரிவிலும் இதே இரண்டு பேர்தான்; அங்கே சம்மதம் நீதிமன்றத்திடம். ஒரே ஒருவரின் பகையால் அறக்கொடை வழக்கில் மாட்டிவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். ஆனால் புத்ராஜெயாவிலிருந்து அந்தச் சம்மதம் வாங்குவதற்குள் உங்கள் கோயிலுக்கு அடுத்த கும்பாபிஷேகமே வந்துவிடும். ஆகவே அதைக் கடைசிக் கதவாக வையுங்கள்.

முதல் கதவு மிகச் சாதாரணமானது. அதைத்தான் நீங்கள் இன்னும் தட்டவில்லை. கடிதத்தில் ஓர் இடத்தில் "நான் மெம்பர் இல்லை, பக்தைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சங்கத்தின் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் கேட்கும் உரிமை உறுப்பினருக்கு. ஆயிரம் வெள்ளி நன்கொடை கொடுத்த பக்தைக்கு இல்லாத உரிமை, சிறு தொகையைச் சந்தாவாகக் கட்டிய உறுப்பினருக்கு உண்டு. உறுப்பினர் படிவத்தைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த மறுப்பே பதிவிலாகாவுக்கு எழுதும் புகாரின் முதல் வரி. தந்தால், சங்கச் சட்டவிதிகளின் நகலையும் வாங்கி, பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு கேள்வியை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். கேள்வி ஒன்றே போதும்: கும்பாபிஷேக வசூல் மொத்தம் எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எந்த வங்கிக் கணக்கில். யார் பெயரையும் இழுக்க வேண்டாம்.

இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு உறுப்பினராகுங்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் பொருத்தமானவர். ரசீதுக் கட்டையைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தால் அவர் ஒரு சனிக்கிழமையில் கூட்டி முடித்துவிடுவார். செயலாளரும் உள்ளுக்குள் நிம்மதியடையலாம். பதிவிலாகாவுக்கு எழுத நேர்ந்தால் வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். சங்கத்தின் பதிவு எண் உங்கள் ரசீதின் மேல் மூலையில் இருக்கும். அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்
ஜார்ஜ் டவுன்